வெர்னாவின் துடைப்பம்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட வெர்னா பெல்கி, கடந்த இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மஞ்சள் பஸ் ஓட்டுகிறாள். ஏரியைச் சுற்றி ஒன்பது மைல், பதினாலு பிள்ளைகள், இரண்டு மேடு, ஒரு மோசமான வளைவு. கணவன் ரே மரம் ஏற்றும் லாரிக்காரன். திங்கள் போனால் வெள்ளி வருவான். ஒரே மகள் போர்ட்லண்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள், அம்மா போனில் சொல்வதில் பாதியைத்தான் நம்புவாள். அனுபவம்.

குவின்பி அணை என்ற அந்த ஊரில், மெய்ன் மாநிலத்தின் அந்த வடக்கு மூலையில், வெர்னாவை நம்பாமல் இருப்பது ஒரு பழக்கம். காலையில் பல் தேய்ப்பது மாதிரி. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டுவதெல்லாம் அவளுக்குப் பால பாடம். பாதிரியார் ஊரில் இல்லாத வாரத்தில் அவருடைய புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டி, அவர் திரும்பி வந்த அன்று நாலு பேரை விலை கேட்க வைத்தவள். புருஷனின் மதியச் சாப்பாட்டில், ரொட்டிக்கும் பன்றி இறைச்சிக்கும் நடுவே மெழுகுத் தாளை வைத்து அனுப்பியவள். அவன் பாதியைத் தின்றுவிட்டான், அது வேறு விஷயம்.

ஆனால் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பிடித்தவர்களிடம்தான் கை வைப்பாள். பிடிக்காதவர்களிடம் படு மரியாதையாகப் பேசுவாள். வெர்னா யாரிடமாவது வணக்கம் சொல்லி நலம் விசாரித்தால் அவர் வீட்டுக்குப் போய், நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பார். உன்னை எனக்குப் பிடிக்கும் என்று வாயால் சொல்லத் தெரியாது அவளுக்கு. அதற்குப் பதில் பூட்ஸுக்குள் ஓட்ஸ் கஞ்சி ஊற்றுவாள்.

இந்தக் கணக்கில் ஊரிலேயே அதிகமாகக் கஞ்சி வாங்கியவர் அடுத்த வீட்டு எல்வின் பிரே.

எல்வினுக்கு அறுபத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்குச்சி ஆலையில் முப்பத்தைந்து வருஷம் கடைசல் பிடித்தவர். அந்த இயந்திரம் போகிற போக்கில் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. மீதி இருந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் பொய்மீன் கட்டக் கிளம்பினார்.

வசந்தத்தில் ஏரி உடையும். நேற்றுவரை மேலே லாரி ஓடிய பனிப்பாளம், மறுநாள் காலையில் பார்த்தால் இருக்காது. உடனே ஸ்மெல்ட் என்ற விரல்நீள வெள்ளி மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடைகளுக்குள் வரும், அவற்றைத் துரத்திக்கொண்டு ஏரியிலிருந்து சால்மன் வரும். அந்த இரண்டு வாரம் சால்மனுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. ஆகவே நீளத் தூண்டில்முள்ளில் மான்வால் மயிர், சேவல் கழுத்திறகு, வெள்ளிச் சரிகை எல்லாம் கட்டி, தண்ணீரில் இழுத்தால் ஸ்மெல்ட் மாதிரியே நெளிந்து ஓடும் ஒரு பொய்யைச் செய்வார்கள். பனிக்காலம் முழுக்க அந்த ஊரில் நடக்கும் தொழில் இதுதான். கைதேர்ந்தவர் கட்டினால் அது வைக்கோல் தடிமன்தான் இருக்கும். எல்வின் கட்டியது கட்டைவிரல் தடிமன். இறுக்கிக் கட்ட விரல் இல்லாததால் கம்பளி நூலைச் சுற்றுமேல் சுற்றாகச் சுற்றி, நடுவில் வீங்கி, பின்னால் மயிர் பரந்து நிற்கும்.

வெர்னா அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் வண்டிக் கதவைத் திறந்து, இருக்கையில் கிடக்கும் பழைய தகர டப்பாவை எடுத்து, அந்தப் பனிக்காலத்தில் கட்டிய புதுசுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இந்த வருஷம் எந்த ரூமைக் கூட்டப் போகிறாய் என்பாள். எல்வின் சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார். பதினோரு வருஷம் இப்படி. பதினோரு வருஷத்தில் ஒரு சால்மனும் அவருடைய துடைப்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம் பார்த்து யாராவது தங்களுடையதை நீட்டினால், உன்னோடதுல புடிச்சா அது உன் மீன்தானே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அணையிலிருந்து பாலம் வரைக்கும் ஓடையில் ஓர் இருநூறு கஜம் உண்டு. அங்கே பொய்மீன் மட்டும்தான். புழு கூடாது, அசல் மீன் கூடாது, மீன் எண்ணெயில் தோய்த்த நூல்கூடக் கூடாது. மீறினால் மீன்துறைக் காவலர் அபராதம் போடுவார். அதைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஊர் போடுவதைக் கட்டி முடிக்க முடியாது. ஆரின் என்று ஒருவர் தன் பொய்மீனுக்குள் ஒரு மண்புழுவை ஒளித்து வைத்துப் பிடிபட்டார். அவர் செத்து முப்பது வருஷம் ஆகிறது. அந்த வீட்டை அதன்பிறகு மூன்று குடும்பங்கள் வாங்கி விற்றாகிவிட்டது. இன்னும் அது புழுக்காரன் வீடுதான். தபால்காரர்கூட அப்படித்தான் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. ஹார்லன் பூபியரின் கடையில் இரும்புக் கணப்புக்கு நேர் மேலே ஒரு பெரிய உத்தரம் இருக்கிறது. ஏரி உடைந்த பிறகு அந்த இருநூறு கஜத்தில், தன் கையால் கட்டிய பொய்மீனைக் கொண்டு முதல் சால்மனைப் பிடிப்பவர் அந்தப் பொய்மீனுக்கு ஒரு பெயர் வைக்கலாம். ஹார்லன் அதை உத்தரத்தில் ஆணியில் மாட்டி, கீழே பெயரும் வருஷமும் எழுதுவான். ஹார்லனின் தாத்தா காலத்திலிருந்து வருஷத்துக்கு ஒன்று. மேலே போனது போனதுதான், யாரும் தொடமாட்டார்கள். எல்வின் காபி குடிக்கும்போது எப்போதும் அந்த உத்தரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பார்க்காமல் இருப்பவர் எதைப் பார்க்காமல் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஏரி உடைந்தது. காட்டுப்பாதை சேறாகி லாரி ஓடாததால் அந்த வாரம் வீட்டிலேயே இருந்த ரே வாளி நிறைய ஸ்மெல்ட் கொண்டுவந்து வைத்திருந்தான். புதன்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த வெர்னா அதில் மூன்றை எடுத்துக்கொண்டு எல்வினின் வண்டிக்குப் போனாள். அந்த ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. டப்பாவின் அடியில் விரித்திருந்த கம்பளித் துணியைத் தூக்கி, மூன்றையும் வரிசையாகப் படுக்கவைத்து, துணியை மூடி, அதன்மேல் துடைப்பங்களைப் பழையபடி குத்தி வைத்தாள். எல்வின் சனிக்கிழமைதான் ஓடைக்குப் போவார். மூன்று நாள் வெயில் கண்ணாடி வழியாக அந்த டப்பாவின் மேல் விழும். சனிக்கிழமை காலை, கரையில் நின்று அவர் டப்பாவைத் திறப்பார். முகம் கோணும். தலையைத் தூக்கிப் பாலத்தைப் பார்ப்பார். பாலத்தில் வெர்னா நின்று கையை ஆட்டுவாள். அவ்வளவுதான் திட்டம். அந்த முகம் கோணுவதைப் பார்ப்பதற்காக அவள் மூன்று நாள் காத்திருந்தாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பாலத்தில் அவள் நின்றபோது கையில் நிஜத் துடைப்பம் ஒன்று இருந்தது. ஆட்டிக் காட்டுவதற்கு. பக்கத்தில் வந்து நின்ற டுவைட் யீட்டன், ஹார்லன் கடையில் பாதி நாளும் தன் வீட்டில் மீதி நாளும் இருப்பவன், இது எதற்கு என்று கேட்டான்.

"பாலத்தக் கூட்டச் சொல்லி கவர்னர் போன் பண்ணாரு."

டுவைட் தலையாட்டிவிட்டுக் கீழே பார்த்தான்.

எல்வின் டப்பாவைத் திறந்தார். பார்வை மங்கல் என்பதால் அதை மூக்குக்கு ஒட்டினாற்போலத் தூக்கிப் பிடித்தார். வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எல்வின் சாவகாசமாக ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே குண்டானதை எடுத்து, நூலில் கட்டி, டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முகம் கோணவில்லை. ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

வெர்னாவுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. அது வேறு அவமானம், சின்னது, ஜோக் போணியாகாத அவமானம். பிறகு வரப்போவதோடு ஒப்பிட்டால் அதை அவமானம் என்றே சொல்லக்கூடாது.

மூன்றாவது வீச்சில் நூல் நின்றது. பாறையில் மாட்டிக்கொண்டது என்று எல்வினே நினைத்து இழுக்கப் போனார். பாறை மேல்நோக்கி ஓடியது. பிறகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சால்மன் அவர் தோள் உயரத்துக்குக் குதித்தது. டுவைட் விசில் அடித்தான். எல்வின் என்ன செய்வதென்று தெரியாமல் கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வெர்னா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கம்பியின் மேல் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்தினாள்.

"கோல நிமித்து எல்வின். ஓட வுடு, ஓட வுடு. அது ஓடட்டும், நீ ஓடாத."

அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு ஸ்மெல்ட் ஞாபகமே இல்லை. அவர் மீனை வலைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. குளிர்காற்று என்று டுவைட்டிடம் சொன்னாள். டுவைட் நம்பவில்லை, வழக்கம்போல. பிறகுதான் அந்த டப்பாவின் அடியில் என்ன கிடக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சறுக்கிச் சறுக்கிக் கரைக்கு இறங்கி ஓடினாள். எல்வின் டப்பாவை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினார். மற்றதையும் பார், எல்லாம் ஒரே மாதிரிதான் கட்டினேன் என்றார். மூடியைத் திறந்த வேகத்தில் நாற்றம் அவள் முகத்தில் அறைந்தது. செத்த பூனையை மீன் எண்ணெயில் வதக்கினால் வரும் வாசம். எல்வின் அதற்கு மேலே குனிந்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒண்ணும் வாசம் வரலியா?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"எனக்கு மூக்கு போயி பதினெட்டு வருஷமாச்சே. ஆலையில அரக்குத் தொட்டி வெடிச்சப்போ. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பத்தொன்பது வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும் தெரியாது. அவர் வண்டியின் சூடேற்றிக்குள் செத்த மீனை வைத்தது அவள்தான். தபால்பெட்டிக்குள் அழுகின வெங்காயத்தைப் போட்டதும் அவள்தான். ஒன்றுக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. எல்வின் மாதிரி ஜோக்கைத் தாங்கிக்கொள்கிற ஆள் ஊரிலேயே கிடையாது என்று கடையில் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஜோக் போய்ச் சேரவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

எல்வின் திரும்பி மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கம்பளித் துணிக்குள் விரலை விட்டு, கூழாகிப்போன மூன்றையும் வழித்துத் தண்ணீரில் எறிந்தாள். கையை மணலில் தேய்த்தாள். டுவைட் மூச்சிரைக்க இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொய்மீன் இப்போதுதான் சால்மன் வாயிலிருந்து வந்திருக்கிறது. மீன் வாசம் அடித்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. எல்வினின் முகத்தைப் பார்த்தபடி எப்படிச் சொல்வது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம். அவ்வளவுதான்.

மத்தியானம் கடையில் ஹார்லன் எடை போட்டான். நாலரை பவுண்டு. ஏணியைக் கொண்டுவந்து போட்டு, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டான். எல்வின் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உத்தரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வெர்னாவின் துடைப்பம்னு எழுது."

கடை முழுக்கச் சிரித்தது. எல்வின் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பாவம் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள் என்றும், வருஷா வருஷம் மெனக்கெட்டு வந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தது அவள் ஒருத்திதான் என்றும், அவள் வந்து பார்ப்பாளே என்பதற்காகவே சில வருஷம் கட்டியதாகவும் சொன்னார். தன் பூட்ஸைப் பார்த்தபடிதான் சொன்னார். ஹார்லன் வாயில் ஆணியோடு அப்படியே நின்றான். வெர்னா ஏதாவது கிண்டலாகச் சொல்லுவாள் என்று எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு டீசல் போடணும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சனிக்கிழமை. பஸ் ஓடாத நாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் எல்வின் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். மெழுகுத் தாளில் சுற்றிய சால்மன் துண்டு, நடுத்துண்டு, நல்ல துண்டு. ரே வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, இரண்டு தட்டில் போட்டான். ஊரிலேயே இதுதான் நல்ல சால்மன் என்றான். அவள் முள்கரண்டியால் அதைத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு ரே அதையும் தின்றான். மெழுகுத் தாளையே தின்றவன்.

திங்கட்கிழமை காலை காபிக்குப் போனபோது ஹார்லன் மாவு மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தான். எலி செத்துக் கிடக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றான். வெர்னா மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. கணப்பில் கட்டை எரிந்தது. சூடு நேராக மேலே ஏறி உத்தரத்தைத் தடவியது. எல்வினின் கம்பளி நூல் சுற்றுமேல் சுற்றாக மூன்று நாள் குடித்த ஸ்மெல்ட் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வைக்கோல் தடிமனில் கட்டியிருந்தால் இவ்வளவு குடித்திருக்காது.

ஹார்லன் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து அவள் ஒரு நாற்காலியில் ஏறினாள். எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஊரில் பாதிப் பேர் வெர்னாவின் வேலை என்பார்கள், இரண்டு நாள் திட்டுவார்கள், எல்வினின் மீன் எல்வினிடமே இருக்கும். கை எட்டுவதற்குள் ஹார்லன் வந்துவிட்டான்.

"ஏய், எறங்கு. அது மேல மட்டும் உன் வேலயக் காட்டாத. மத்ததெல்லாம் சரி. அதுல கை வெச்சே, அப்புறம் இந்தக் கடையில உனக்குக் காபி கெடையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. அவள் இறங்கி, பஸ்ஸில் ஏறி, மோசமான வளைவை வழக்கத்தைவிட வேகமாகத் திருப்பினாள். பின்னால் பதினாலு பிள்ளைகளும் ஒரு பக்கமாகச் சரிந்து ஹோவென்று சத்தம் போட்டார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். அவள் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது கடை நடுவில் ஏணி நின்றது. டுவைட் மூக்கைத் தூக்கித் தூக்கி வேட்டைநாய் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். எலி கீழே இல்லை, மேலே என்றான். உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிறது என்றான். ஹார்லன் கையுறை மாட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தான்.

வெர்னாவுக்கு ஆரினின் வீடு ஞாபகம் வந்தது. பச்சை ஜன்னல், சரிந்த தாழ்வாரம். இன்னும் பத்து நிமிஷத்தில் ஹார்லன் மூக்கு அந்தக் கம்பளி நூலுக்குப் பக்கத்தில் போகும். பிறகு அவளுடைய அடுத்த வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்துவிடும். எல்வின் செத்த பிறகும், வேறு யாரோ வாங்கிய பிறகும்.

"அது எலி இல்ல," என்றாள். "துடைப்பம்தான் நாறுது. நான்தான் எல்வின் டப்பாவுல ஸ்மெல்ட் வெச்சேன். மூணு நாளு. அவருக்குத் தெரியாது."

டுவைட் சிரித்தான். ஹார்லன் சிரிக்காமல் ஏணியிலிருந்து இறங்கினான்.

நம்பவில்லை. அவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊரை எதையும் நம்பாமல் இருக்கப் பழக்கியவள் அவள்தானே. பதினோரு வருஷம் கழித்து அந்த மனுஷனுக்கு ஒரு மீன் கிடைத்திருக்கிறது, அதையும் ஜோக்காக்க வேண்டுமா என்று ஹார்லன் கேட்டான். உன் பெயரை வைத்தாரே, அதற்காவது மரியாதை வேண்டாமா என்றான் டுவைட். அவள் சத்தியம் செய்தாள். சத்தியத்தையும் அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். கடையின் முன்வாசலில் கரடி நிற்கிறது என்று ஒருமுறை மகள் மேல் சத்தியம் செய்தவள்.

"மோந்து பாரு," என்றாள். "ஹார்லன், தயவு செஞ்சு மோந்து பாரு."

தயவு செஞ்சு என்ற வார்த்தைதான் ஹார்லனை நிறுத்தியது. அவளிடமிருந்து அதை அவன் கேட்டதே இல்லை. ஏணியில் ஏறினான். குனிந்தான். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மேலேயே நின்றான்.

கதவு மணி அடித்தது. எல்வின் காபிக்கு வந்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். சனிக்கிழமையிலிருந்து தினமும் சவரம் செய்துகொண்டு வருகிறார் என்பதை வெர்னா அப்போதுதான் கவனித்தாள். அவர் ஏணியைப் பார்த்தார், ஏணி மேல் ஹார்லனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் இரண்டாவது தடவை சொன்னாள். இந்த முறை கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இந்த முறை நம்பினார். மூக்கு விஷயம் தெரியாது, முகத்தைச் சுளிப்பாய் என்று நினைத்தேன், பாலத்தில் துடைப்பத்தோடு நின்றேன், கரையில் வைத்தே சொல்லியிருக்கணும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் எங்கேயும் ஜோக் வரவில்லை. தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை.

எல்வின் கையை நீட்டினார். ஹார்லன் அதைக் கழற்றிக் கொடுத்தான். எல்வின் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக இழுத்தார். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் இழுத்தார்.

"எப்படி இருக்குது?"

"நாறுது," என்றாள் வெர்னா.

"புது ஸ்மெல்ட்டு வெள்ளரிக்கா மாதிரி இருக்கும். அது நெனப்பு இருக்குது. இது அந்த மாதிரி இல்லியா?"

"இல்ல எல்வின்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கட்டைவிரலால் அந்த வீங்கின நடுப்பகுதியைத் தடவிக்கொண்டிருந்தார். இது புழு மாதிரிதானே ஹார்லன் என்று கேட்டார். உனக்குத் தெரியாதே, உன் மேல் தப்பில்லையே என்று ஹார்லன் ஆரம்பித்தான். மீனுக்குத் தெரிஞ்சிருக்குதே என்றார் எல்வின். மீன் அவர் கட்டியதைப் பார்த்து வரவில்லை. அது போதும், இதை மறுபடி மாட்டாதே, பெயரையும் அழித்துவிடு என்றார்.

பிறகு வெர்னாவின் கையை எடுத்து உள்ளங்கையில் அதை வைத்தார்.

"உம் பேருதானே. நீயே வெச்சுக்க." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ஒவ்வொரு வருஷமும் வந்து டப்பாவத் தொறப்பியே. பாக்கத்தான் வர்றேன்னு நெனச்சேன்."

"பாக்கத்தான் வந்தேன்," என்றாள். ஆனால் அவள் சொல்வதை யார் நம்புவார்கள். அவர் காபி குடிக்காமல் போனார். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்த வருஷத்துக்கு உத்தரத்தில் எதுவும் இல்லை. நாலு நாள் கழித்து வேறொருவன் ஒரு சால்மன் பிடித்தான். முதல் மீன் அதுதான் என்று சிலர் சொன்னார்கள். ஹார்லன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆணியையும் பிடுங்கவில்லை. வெறும் ஆணி, அதன் கீழே வருஷம், அழித்த பெயரின் தழும்பு. இன்றைக்கும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்டால் ஹார்லன், அந்த வருஷம் ஒண்ணும் மாட்டல என்பான். அவன் எல்வினுக்காக அப்படிச் சொல்கிறானா, அவளுக்காகவா என்று வெர்னா கேட்டதில்லை.

எல்வினை யாரும் புழுக்காரன் என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அவர் இன்னும் ஓடைக்குப் போகிறார், இன்னும் குண்டுகுண்டாகக் கட்டுகிறார், இன்னும் ஒன்றும் சிக்கவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார். மழை வரும்போல இருக்கிறது என்பார். பழைய கோபத்தில் ஒரு தட்டு சூப்பை அவள் தலையில் கவிழ்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். மரியாதை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாலையில் அவர் ஓடையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் சாவி திரும்பும் சத்தம் கேட்கும். குவின்பி அணையில் வண்டியைப் பூட்டுகிற ஒரே ஆள் இப்போது எல்வின் பிரே. வெர்னா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். அது கேட்டபிறகுதான் தண்ணீரை நிறுத்துவாள்.

துடைப்பம் பஸ்ஸில் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைப்புத் தட்டியில் குத்தி வைத்திருக்கிறாள். ரே தூக்கிப் போடச் சொன்னான். சோப்பில் அலசித் தருகிறேன் என்றான். அவள் கொடுக்கவில்லை. வெயில் நாளில் பஸ் சூடாகும்போது லேசாக அந்த வாசம் இறங்கும், முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

"வெர்னா, என்னமோ நாறுது," என்று ஒரு நாள் இரண்டாம் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டாள். "யாரு அது?"

முன்பென்றால் அந்தப் பெண்ணின் பூட்ஸைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரனின் காலைப் பார்த்து, அரை மணி நேரம் கதை கட்டி மொத்தப் பஸ்ஸையும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடவைத்திருப்பாள். வெர்னா வளைவைத் திருப்பினாள், மெதுவாக.

"நான்தான்," என்றாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு பிள்ளையும் நம்பவில்லை.